மெத்தை வண்டியைப் பிடித்து நின்றவன்

என் தங்கை நெரெய்தாவும் அவள் புருஷன் எலாதியோவும் மாட்டிக்கொண்ட வண்டிகளை இழுத்து மீட்கிற ரெக்கவரி வண்டித் தொழிலில் இறங்கியதற்கு எங்கள் ஊர்த் தரைப்பாலம்தான் காரணம். பழைய பாலம் ஒரு புயலில் போய்விட்டது. புதுப் பாலம் வரும் என்று சொல்லிவிட்டு, ஆற்றின் குறுக்கே கான்கிரீட் பலகைகளைப் போட்டுத் தற்காலிகமாக ஒரு தரைப்பாலம் கட்டினார்கள். அந்தத் தற்காலிகத்தில்தான் நாங்கள் இன்னமும் ஆற்றைக் கடக்கிறோம். மலையில் மழை பெய்தால் பலகைக்கு மேலே தண்ணீர் ஓடும். யாராவது அவசரக்காரன் இறங்கி மாட்டிக்கொள்வான். ஓக்கோவா நகரத்திலிருந்து பெரிய ரெக்கவரி வண்டிகள் எங்கள் மலைப்பக்கம் வருவதில்லை. பஸ் மெக்கானிக்காக இருந்த எலாதியோ இதைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் ஒரு பழைய ஜப்பான் லாரியை வாங்கினான். கல்குவாரி ஒன்று மூடியபோது அங்கே கிடந்த, இரும்பு வடம் சுற்றி இழுக்கிற வின்ச்சைக் கழற்றிவந்து பின்னால் பற்றவைத்தான்.

போனில் பேசுவது, பேரம் பேசுவது, வண்டிக்காரர்களின் அழுகையைக் கேட்பது எல்லாம் நெரெய்தா. எலாதியோ பேசமாட்டான். கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டதற்கே தலையைத்தான் ஆட்டினான் என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்போம். லாரிக்குப் பின்னால் வின்ச்சும் இரும்புத் தூக்கியும் நின்று பின்கண்ணாடியை முழுக்க மறைத்துவிட்டதால், ஓட்டுகிறவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பக்கக் கண்ணாடி இரண்டில் ஒன்று உடைந்து கம்பியால் கட்டப்பட்டிருந்தது. ஆகவே நெரெய்தா பின்னால் இறங்கி நிற்பாள். அவள் 'வா' என்றால் வருவான், 'நில்லு' என்றால் நிற்பான். அவன் கால் அவள் வாய்க்குக் கட்டுப்பட்டது. எனக்கு அவர்கள் வீட்டை ஒட்டியே பஞ்சர் கடை. கை தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள், போவேன்.

காசிமிரோவை எங்கள் மலையில் தெரியாதவர்கள் கிடையாது. வெளுத்துப்போன சிவப்பு பிக்கப்பில் மெத்தையும் தலையணையும் பிளாஸ்டிக் நாற்காலியும் மலைபோல அடுக்கி, கூரையில் ஒலிபெருக்கி வைத்து, ஊர் ஊராக விற்கிறவர். கூடவே அவருடைய அண்ணன் மகள் யுதெல்கா வருவாள், இருபத்தைந்து வயதிருக்கும். சரக்கை இறக்குவதும் தவணை வசூலிப்பதும் அவள் வேலை. மைக் மட்டும் அவர் கையில். ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். யார் வீட்டில் கட்டில் கிரீச்சிடுகிறது என்பது வரைக்கும் தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். திட்டிக்கொண்டே வாங்குவார்கள்.

அது மே மாதம். எங்களுக்கு மேலே வெயில், மலைக்கு மேலே மட்டும் கருப்பு. மதியச் சாப்பாடு முடிந்த நேரம் நெரெய்தாவுக்குப் போன் வந்தது. காசிமிரோதான். தரைப்பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது, எஞ்சினில் தண்ணீர் போயிருக்கும்போல, முழங்கால் அளவுதான் தண்ணீர், அவசரமில்லை, காபி குடித்துவிட்டே வாருங்கள் என்றாராம். எலாதியோ காபி குடிக்கவில்லை. மலையை ஒருமுறை பார்த்துவிட்டு லாரியில் ஏறினான். நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

கரையில் லாரியைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினான். முகம் ஊரைப் பார்க்க, வின்ச் ஆற்றைப் பார்க்க. இறங்கிப் போய் இரும்பு வடத்தின் கொக்கியைப் பிக்கப்பின் முன்னால் அவனே மாட்டினான். அப்போது தண்ணீர் அவன் தொடைக்கு வந்திருந்தது. காசிமிரோ ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, உன் லாரி வயசுக்கு அதற்குத்தான் முதலில் மெத்தை தேவை என்று மைக்கில் அறிவித்தார். கரையில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

வின்ச் இழுத்தது. பிக்கப் நன்றாகவே வந்தது. கரைக்குப் பாதித் தூரம் வந்ததும் முன்சக்கரம் எதிலோ இறங்கியது. இரண்டு பலகைகளுக்கு நடுவில் ஆறு தோண்டியிருந்த பள்ளம். கலங்கிய தண்ணீரில் யாருக்கும் அது தெரியவில்லை. வின்ச் முனகியது, உள்ளே ஏதோ உடைகிற சத்தம் கேட்டது, அப்படியே இறுகிக்கொண்டது. அதற்குப் பிறகு அது இழுக்கவுமில்லை, விடவுமில்லை.

எலாதியோ லாரியையே முன்னால் ஓட்டி இழுக்கப் பார்த்தான். ஈரக் கூழாங்கல்லில் சக்கரம் சுற்றியதே தவிர லாரி நகரவில்லை. அந்த நேரத்தில்தான் மலைப்பக்கமிருந்து சத்தம் வந்தது. எங்கள் ஊர்க்காரனுக்கு அந்தச் சத்தம் தெரியும். வளைவில் பழுப்புத் தண்ணீர் குச்சியும் குப்பையும் தள்ளிக்கொண்டு திரும்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிக்கப்பின் கதவு பாதி மறைந்தது.

தண்ணீர் பிக்கப்பைத் தள்ள, பிக்கப் வடத்தை இழுக்க, வடம் லாரியை இழுத்தது. லாரி பின்னோக்கி வழுக்கியது. எலாதியோ பிரேக்கை மிதித்தான், நின்றது. அந்த லாரியில் ஹேண்ட் பிரேக் என்பது பெயருக்குத்தான். கால் பிரேக்கும் கசிவு உள்ளது. மிதித்து வைத்திருந்தால் மெல்ல மெல்ல உள்ளே இறங்கிவிடும், திரும்ப அடித்து அடித்து ஏற்ற வேண்டும். அடுத்த வாரம் சரிசெய்வதாக இருந்தான். நாங்கள் சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தோம். ஆற்றங்கரைக் கல் எல்லாம் உருண்டை, அழுத்தம் தாங்காமல் உருண்டு விலகியது, இல்லாவிட்டால் மணலில் புதைந்தது. ஒரு மரத்தில் லாரியைக் கட்டலாம் என்றால், அகலமான கல்வெளி அது, கிட்டத்தில் மரமே கிடையாது. நல்ல நீளமான கயிறு ஒன்றுதான் இருந்தது. அது ஆற்றில் இருப்பவர்களுக்கு வேண்டும்.

ஆகவே எலாதியோ அந்த இருக்கையில் உட்கார்ந்தான். காலை எடுத்தால் எல்லாமே ஆற்றுக்குள். எடுக்காவிட்டால் எல்லாம் இருந்த இடத்தில். அதற்கு மேல் அவனால் செய்ய முடிந்தது எதுவுமில்லை. அவன் முகத்துக்கு நேரே ஊரும் வெயிலும் ஒரு கழுதையும் தெரிந்தன. ஆறு முழுக்க அவன் முதுகுக்குப் பின்னால்.

நெரெய்தா தீயணைப்பு ஆட்களுக்குப் போன் போட்டாள். கிளம்பிவிட்டோம் என்றார்கள். ஆனால் கீழே சாலையில் மண் சரிந்து கிடந்தது, அவர்கள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

காசிமிரோவும் யுதெல்காவும் ஜன்னல் வழியாக வெளியே வந்து கூரையில் ஏறிவிட்டார்கள். மைக்கின் ஒயர் நீளம், அதையும் மேலே எடுத்துக்கொண்டார். மெத்தைகள் ஒவ்வொன்றாகக் கட்டவிழ்ந்து மிதந்து போயின. ஆற்றின் இரைச்சலில் நாங்கள் கத்துவது அவர்களுக்குக் கேட்கவில்லை, ஆனால் ஒலிபெருக்கியில் அவர் பேசுவது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. எலாதியோவுக்கும் கேட்டது.

"எலாதியோ, தூங்கிட்டியா? தூங்கணும்னா சொல்லு, நனையாத மெத்தை இன்னும் ரெண்டு இருக்கு."

எலாதியோ ஹாரனை ஒருமுறை அடித்தான். பேசாதவனுக்கு அதுவே பதில்.

"பிடிச்சிருக்கதானே?"

ஹாரன்.

"உன் பொண்டாட்டி பக்கத்துல நிக்கிறாளா?"

ஹாரன்.

"அப்ப நீ ஓடமாட்ட. எனக்கு அது போதும்."

இப்படியே கொஞ்ச நேரம் போனது. நான் கதவருகே போய்ப் பார்த்தேன். அவன் வலது கால் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு காலாலும் பிரேக் மிதியை அழுத்தி, மெல்ல இறங்கும்போதெல்லாம் அடித்து ஏற்றினான். சட்டை முழுக்க வியர்வை. "மச்சான், தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டான். ஜன்னல் விளிம்பில் என்றேன். பொய் சொல்லவில்லை, கொஞ்சம் குறைத்துச் சொன்னேன்.

கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி எறிந்தோம். பல தடவை ஆறு அதைப் பிடுங்கிக்கொண்டது. கடைசியில் காசிமிரோ பிடித்துவிட்டார். தன் இடுப்பில் கட்டாமல் யுதெல்காவின் இடுப்பில் கட்டினார். அவள் மாட்டேன் என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், இறங்கவேண்டியது முதலில் இளசு, பிறகு பழசு, சரக்கு இறக்குவதற்கும் அதுதானே முறை என்றார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்:

"நல்லா இழுங்கப்பா. இவ எங்க அண்ணன் பொண்ணு."

யுதெல்கா இரும்பு வடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நாங்கள் கயிற்றை இழுத்தோம். பாதி வழியில் ஒரு மரக்கிளைக் குவியல் வந்து வடத்தில் மோதி, அவளையும் சேர்த்து அழுத்தியது. தலை மட்டும் மேலே. கயிற்றை இழுத்தால் கிளைகளும் சேர்ந்து இழுபட்டன, அவள் நகரவில்லை. அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த வடம் ஒன்றுதான். அது தொய்ந்தால் கிளைகளோடு அடியில் போய்விடுவாள்.

அந்த நேரத்தில் மேலேயிருந்து ஒரு முழு மரம் வந்தது, வேரோடு. பிக்கப்பின் கூரையை வழித்துக்கொண்டு போனது, அவ்வளவுதான். வண்டி ஆடி, திரும்ப நின்றது. ஒலிபெருக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. காசிமிரோ இல்லை. கீழே வளைவில் ஒரு கை தெரிந்ததாகச் சிலர் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. எங்களில் யாரும் கயிற்றை விடவில்லை.

லாரியிலிருந்து ஹாரன் கேட்டது.

பதில் வரவில்லை. திரும்ப ஹாரன். பிறகு எலாதியோவின் குரல், நான் என் வாழ்நாளில் கேட்டதிலேயே உரக்க:

"நெரெய்தா, என்னாச்சு? ஏன் சத்தத்தக் காணோம்?"

என் தங்கை லாரியின் பின்மூலையில் நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்து அவளுக்கு ஆறும் தெரியும், அவன் தோளும் தெரியும். அவள் யுதெல்காவின் தலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது, சமையலறையிலிருந்து பேசுவதுபோல.

"மைக் நனைஞ்சிடுச்சுய்யா. உக்காந்திருக்காரு. கையத் தூக்கிக் காட்டுறாரு. நீ கால எடுக்காத."

எலாதியோ ஹாரன் அடித்தான். கொஞ்சம் பொறுத்துத் திரும்ப அடித்தான். மைக் போனாலும் ஹாரன் கேட்கும் என்று நினைத்திருப்பான். அந்தப் பிற்பகல் முழுக்க அவன் அதை விடவில்லை. ஒவ்வொரு முறை அடித்த பிறகும் நெரெய்தா, "கேட்டுச்சு, தலையாட்டுறாரு" என்றாள். கயிற்றைப் பிடித்திருந்த நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். எங்களில் ஒருவன் அழுதுகொண்டே இழுத்தான்.

கிளைகள் தானாக விலகியதா, நாங்கள் இழுத்து விலகியதா தெரியவில்லை. யுதெல்கா கரைக்கு வந்தபோது அவள் உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை. அவளைப் பெண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் திரும்பிப் பார்க்காதபடி ஒருத்தி அவள் கண்ணைப் பொத்தினாள்.

பிறகு நெரெய்தா லாரியின் கதவருகே போனாள். நானும் கூடப் போனேன். அவள் படியில் ஏறி, ஜன்னலில் கையை வைத்து, "பொண்ணு வந்துட்டா" என்றாள்.

"அவரு?"

"அவரு அப்பவே போயிட்டாருய்யா."

எலாதியோ அவளைப் பார்க்கவில்லை. முன்கண்ணாடி வழியாக ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிதி இறங்கியது, அடித்து ஏற்றினான். கடையில் போய் ரம்பம் எடுத்துவருகிறேன், வடத்தை அறுத்துவிடலாம், நீ இறங்கு என்று நான் சொன்னேன். அவன் தலையை ஆட்டி வேண்டாம் என்றான். ஒருவேளை அவர் வண்டிக்கு அடியில் எங்காவது பிடித்துக்கொண்டு இருந்தால் என்றான். அது நடக்காத காரியம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நான் ரம்பம் எடுக்கப் போகவில்லை. நெரெய்தா படியிலிருந்து இறங்கவில்லை. அவன் தோளில் கை வைக்கப் போனாள், வைக்காமல் ஜன்னலிலேயே வைத்துக்கொண்டாள்.

மலைத்தண்ணீர் வந்த வேகத்திலேயே போகும். சூரியன் சாய்வதற்குள் ஆறு மறுபடி முழங்காலுக்கு வந்துவிட்டது. பிக்கப் சேறு பூசிக்கொண்டு, பள்ளத்தில் ஒரு சக்கரத்தோடு, போட்ட இடத்தில் நின்றது. பின்னால் இரண்டு நாற்காலிகள்கூட மிச்சமிருந்தன. எலாதியோ அதைப் பிடித்தே வைத்திருந்தான். அவனை நாங்கள் இரண்டுபேர் தூக்கித்தான் இறக்கினோம், கால் மடங்கவில்லை. நேரே ஆற்றுக்குள் நொண்டிக்கொண்டே போய்ப் பிக்கப்பின் அடியில் குனிந்து பார்த்தான். எல்லாப் பக்கமும் பார்த்தான்.

மறுநாள் காலையில் காசிமிரோவைக் கீழே வாய்க்கால் தடுப்பணையில் கண்டெடுத்தார்கள். அவர் ஊரில் ஒன்பது நாள் ஜெபம் நடந்தது. மலையிலிருந்து ஆட்கள் லாரிகளிலும் மோட்டார் சைக்கிளிலும் போனார்கள். அவரிடம் தவணை பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாரும் போனார்கள். எலாதியோவும் நெரெய்தாவும் ஜெபத்துக்குப் போகவில்லை. யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எலாதியோவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஜெபம் முடிந்த பிறகு காசிமிரோவின் மனைவி எர்மின்யா ஆள் அனுப்பினாள். ஊர்க்காரர்கள் கரையேற்றிப் போட்ட வண்டி ஆற்றங்கரையிலேயே கிடக்கிறதாம், வீட்டுக்குக் கொண்டுவந்து விடமுடியுமா என்று. வேறு யாரிடம் கேட்பாள்? எங்கள் பக்கத்தில் ரெக்கவரி வண்டி ஒன்றுதான்.

மூன்று பேரும் போனோம். பிக்கப்பைப் பின்னால் தூக்கிக் கட்டி, மலைச்சாலையில் மெதுவாகப் போனோம். வழி நெடுக ஊர்களில் அந்த வண்டியைப் பார்த்ததும் ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். வழக்கமாக அந்த வண்டி வந்தால் எழும் கூச்சல் எதுவுமில்லை. சிலர் தொப்பியைக் கழற்றினார்கள்.

கடைசி ஏற்றத்தில் எலாதியோ சாலையைப் பார்த்தபடியே கேட்டான்:

"கையத் தூக்கினாருன்னு சொன்னியே."

"ஆமா."

"தூக்கல."

"இல்ல."

"தலையாட்டினதும்."

"இல்லய்யா."

கியரை மாற்றினான். கொஞ்ச தூரம் போன பிறகு, "நான் ஓடியிருப்பேன்னு நெனச்சியா?" என்றான். நெரெய்தா கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "நீ திரும்பிப் பாத்திருப்ப. அது போதும், மிதி இறங்கிடும்." அவள் சொன்னது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். சரியாக இருந்ததால் மட்டும் அவனுக்கு எதுவும் மாறிவிடவில்லை.

எர்மின்யா எங்களை உள்ளே கூப்பிட்டு இஞ்சி போட்ட காபி கொடுத்தாள். சின்ன உருவம், அதிகம் பேசுகிற பெண். அன்றைக்கு என்னவெல்லாம் சொன்னார், மைக்கில் பேசினாராமே, யுதெல்காவைக் கேட்டால் அழுகிறாள் என்றாள். நெரெய்தா என்னைப் பார்த்தாள். ஆனால் எலாதியோதான் பேசினான். மெத்தை ஜோக், லாரிக்கு வயசாகிவிட்ட ஜோக், பெண்டாட்டி நிற்கிறாளா என்று கேட்டது, இளசு பழசு என்றது, ஒன்றுவிடாமல் சொன்னான். அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் பார்த்ததேயில்லை. எர்மின்யா சிரித்தாள், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், திரும்பச் சிரித்தாள்.

"அதுக்கப்புறம்?" என்றாள்.

எலாதியோ கையிலிருந்த காபியைப் பார்த்தான்.

"அதுக்கப்புறம் என்னன்னு எனக்குத் தெரியாதும்மா. நான் அந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்தேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அழுதால் நன்றாக இருக்கும் என்று நாங்கள் காத்திருந்தோம். அவன் அழவில்லை.

தொழிலை அவர்கள் விடவில்லை. வேறு என்ன செய்வார்கள்? பிரேக்கை அந்த வெள்ளத்துக்கு மறுநாளே மாற்றினான், வின்ச்சையும் மாற்றினான். ஒரே ஒரு வித்தியாசம். நெரெய்தா பின்னாலிருந்து 'வா' என்றால், முன்போல் அவன் உடனே வருவதில்லை. வண்டியை நிறுத்தி, இறங்கி, பின்பக்கம் நடந்துபோய், தானே ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ஏறுகிறான். அரைமணி வேலை ஒருமணி ஆகிறது. வண்டிக்காரர்கள் சலித்துக்கொள்கிறார்கள். நெரெய்தா அவன் பார்த்து முடிக்கும்வரை தள்ளி நிற்கிறாள். உனக்குக் கோபம் வரவில்லையா என்று ஒருநாள் கேட்டேன். "பாத்துக்கட்டும் அண்ணே, அன்னைக்குப் பாக்க விடலையே" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

யுதெல்கா இப்போது தனியாகத்தான் விற்கிறாள். பிக்கப்பை எர்மின்யா விற்றுவிட்டாள். மூன்று சக்கர மோட்டார் வண்டியில் மெத்தை ஏறாது, நாற்காலியும் தலையணையும்தான். ஒலிபெருக்கி கிடையாது. வாயாலேயே கூப்பிடுகிறாள், அதுவும் மெதுவாக. ஆறு சும்மா இருக்கிற நாளாகப் பார்த்து எங்கள் பக்கம் வருகிறாள். என் தங்கை வீட்டில் நின்று தண்ணீர் குடிப்பாள். வெயிலைப் பற்றியும் வாழைக்காய் விலையைப் பற்றியும் பேசுவார்கள். எலாதியோ உள்ளேயிருந்து வந்து, ஒவ்வொரு முறையும் ஒரு நாற்காலி வாங்குவான். இருப்பது இரண்டே பேர், எதற்கு இத்தனை என்று நெரெய்தா கேட்பதில்லை. வாங்கியதை நான் என் கடைக்குப் பின்னால் அடுக்கி வைக்கிறேன். மழைக்கு மூட ஒரு தார்ப்பாய் வேண்டும்.